மொட்டையும் விடாதீங்க மேடம்

ஆன்ட்டின்னு கூப்பிடக் கூடாதா? சரி, மேடம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான், நாக்குதான் பழகணும். நடுவுல தப்பித் தவறி வந்துருச்சுன்னா கோச்சுக்காதீங்க.

இல்ல, செடி நர்சரில இருந்து வேற யாரும் வரல. ஓனர் ஆள் அனுப்பறேன்னாருல்ல, அந்த ஆளு நான்தான். பதினெட்டு முடிஞ்சாச்சு மேடம், இல்லன்னா இந்த மருந்து டின்னைத் தொடவே விட மாட்டாரு. பாக்க சின்னப் பொண்ணாட்டம் இருக்கேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எங்கம்மாவும் இப்படித்தான், பஸ்ல இன்னும் யாராவது பாப்பா தள்ளி உக்காருன்னு சொல்லுவாங்க.

வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன், நீங்க போன்ல இருந்தீங்க. காதுல விழலையா? பரவால்ல, விடுங்க. உங்களுக்கு மருந்துதான வேணும். ஓனர்கிட்டயும் அதைத்தான் சொன்னீங்களாம், இருக்கறதுலயே எது ஸ்ட்ராங்கோ அதைக் குடுத்தனுப்புன்னு. குடுத்தனுப்பியிருக்காரு. இதோ. சீல் கூடப் பிரிக்கல, நல்லாப் பாத்துக்கங்க. அப்புறம் பாதி டின்னைக் கொண்டு வந்தேன்னு சொல்லக் கூடாது.

எங்க, பூச்சியைக் காட்டுங்க.

ம். ஆமா. அசுவினிதான். ரோஜா மொட்டோட கழுத்தைச் சுத்தி எப்படி அப்பிக்கிட்டு இருக்கு பாருங்க, பச்சையா, பொடிப் பொடியா. இதுங்களுக்கு இளசுதான் வேணும். முத்தின இலைப் பக்கமே போகாது. மொட்டு, கொழுந்து, அவ்ளோதான். உறிஞ்சு உறிஞ்சு மொட்டைக் கோணலாக்கிரும். இந்தாங்க, இது ஒண்ணு ஏற்கெனவே கோணிக்கிட்டு நிக்குது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்ட மாதிரி.

அழாதீங்க மேடம். பூச்சிக்கெல்லாமா அழுவாங்க.

ரோஜாப் போட்டி நடுவருங்க எப்ப வர்றாங்க? இன்னும் மூணு வாரம் இருக்கா. சரி. மூணாவது கோப்பைன்னு ஓனர் சொன்னாரு. தொடர்ந்து மூணு வருஷம் வாங்கினா அப்புறம் நீங்கதான் சங்கத்துக்குத் தலைவியாமே. உள்ள வர்றப்ப ஹால்ல பாத்தேன், கண்ணாடி அலமாரில ரெண்டு கோப்பை. பக்கத்துல ஒரு இடம் தொடச்சுக் காலியா விட்டு வெச்சிருக்கீங்க. முன்னாடியே சொல்லி வெச்ச மாதிரி.

கிண்டல் பண்ணல. நான் பேசறதே இப்படித்தான். ஸ்கூல்லயும் இதுக்குத்தான் அடி வாங்குவேன்.

முதல்ல அந்த டீ கப்பை உள்ள வெச்சுட்டு வாங்க. டின்னைத் திறக்கறதுக்கு முன்னாடியேதான் சொல்றேன், திறந்துட்டு சொல்லி என்ன புண்ணியம். மருந்து வேலை நடக்கற இடத்துல வாயில ஒண்ணும் போகக் கூடாது. தண்ணி கூட உள்ள போய்த்தான் குடிக்கணும், அதுவும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு. அந்தப் பூனை உங்களோடதா? அதையும் உள்ள விட்டுக் கதவைச் சாத்துங்க. மண்ணுல புரண்டுட்டுப் போய் உடம்பை நக்கும். அங்கிள் மாடிலயே இருக்கட்டும், அவரு எதுக்கு இங்க வந்து நின்னு இது என்ன அது என்னன்னு. ஊஞ்சல் யாருக்கு, பேரனுக்கா? லீவுக்கு வர்றானா? மருந்து போட்ட மண்ணுல அவனை விளையாட விடக் கூடாது. ஊஞ்சலைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிருங்க.

கையுறை போட்டுக்கங்க. இது வேணாம் மேடம், இது பாத்திரம் தேய்க்கறது, ஓட்டை விழுந்திருக்கு. நான் கொண்டு வந்ததுல ஒரு ஜோடி இருக்கு. முழுக்கைச் சட்டை போட்டுட்டு வாங்க. செருப்பு ஆகாது, ஷூ. போங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.

நல்லாத்தான் இருக்கு. யாரு பாக்கப் போறாங்க இங்க.

இப்ப சொல்றதை ஒழுங்காக் கேட்டுக்கங்க. இது மேல தெளிக்கற மருந்து இல்ல. குருணை. செடி அடில மண்ணைக் கிளறி, அளந்து போட்டு, மூடி, தண்ணி ஊத்தணும். அப்புறம் வேர் அதைக் குடிச்சிரும். குடிச்சதும் தண்டுக்கு ஏறும். தண்டுல இருந்து இலை, இலை நரம்பு, கொழுந்து, மொட்டு, பூ, பூவுக்குள்ள இருக்கற தேன், மகரந்தம், ஒண்ணு விடாது. செடியே மருந்தாயிரும். எங்க கடிச்சாலும் பூச்சிக்குச் சாவுதான். மழை பெய்ஞ்சாலும் போகாது, துணி வெச்சுத் தொடச்சாலும் போகாது. வாரக் கணக்கா, சில சமயம் மாசக் கணக்கா உள்ளயே இருக்கும். மனசுக்குள்ள ஒண்ணு இறங்கிட்டா முகம் கழுவினாப் போகுமா, அந்த மாதிரி.

இவ்ளோ தெரியுமான்னா? டின் மேல எழுதியிருக்கு மேடம். எழுத்து பொடிசா இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க. நான் படிச்சேன். ஸ்கூல் புஸ்தகத்தைக் கூட அப்படிப் படிச்சதில்ல. போன வருஷம் ஒரு காலி டின் கைக்குக் கிடைச்சுது, அதை வெச்சுக்கிட்டு உக்காந்து ஒரு வரி விடாம படிச்சேன். ஏன்னா, படிக்கணும்னு தோணுச்சு. அவ்ளோதான்.

அந்தத் தக்காளித் தொட்டியை நகர்த்துங்க. இன்னும் தள்ளி, சுவர் ஓரமா. புதினாவையும். சாப்பிடற செடி எதுக்கும் இது ஆகாது. தண்ணி ஓடி வந்து அந்த மண்ணுல கலந்தாலும் ஆகாது. மீன் தொட்டி தூரமா இருக்கு, நல்லது. இன்னிக்கு மழை வர்ற மாதிரி இல்ல, வந்தா மருந்து கரைஞ்சு சாக்கடைக்குப் போகும், அங்க இருந்து எங்க போகுமோ. காத்தும் இல்ல.

ஸ்பூன் எடுத்துட்டு வரீங்களா? வேணாம் வேணாம். டின்னோடயே அளவு மூடி இருக்கு. வீட்டு ஸ்பூன்ல அளந்துட்டு, கழுவி மறுபடி டிராயர்ல போடறவங்க இருக்காங்க. மிச்ச மருந்தை ஜூஸ் பாட்டில்ல கொட்டி வெக்கறவங்களும் இருக்காங்க. நீங்க அப்படிச் செய்ய மாட்டீங்க. செஞ்சிருக்கீங்களா? மேடம், சிரிக்கற விஷயமா இது.

இப்ப சில கேள்வி கேக்கணும். எங்க ரூல், கேக்காமப் போனா ஓனர் கத்துவாரு. வீட்ல யாருக்காவது மூச்சுத் திணறல் உண்டா? இல்ல. கிணறு, போர்? இல்ல. இதுக்கு முன்னாடி இந்த மண்ணுல மருந்து போட்டிருக்கீங்களா? போன வருஷமா. போட்டிக்கு முன்னாடியா. யாரு போட்டது, பழைய தோட்டக்காரரா? அவரு மாட்டேன்னுட்டாரா? ஏனாம்?

ஓ. பூ இருக்கறப்பப் போடக் கூடாதுன்னு சொன்னாரா. சரியாத்தான சொல்லியிருக்காரு. அப்புறம்?

நீங்களே போட்டீங்களா. எதுல அளந்தீங்க, டம்ளர்லயா. ம். வேலி ஓரம் சூரியகாந்தி வரிசையா நின்னுச்சே, அதுக்கும் போட்டீங்களா? பூத்து நிக்கறப்பவே. சரி.

எனக்கு எப்படித் தெரியும்னா? ரோட்ல போற வர்ற எல்லாருக்கும் தெரியுமே மேடம். தலை தலையா எட்டிப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. ஊரே பாத்தது.

அந்தத் தோட்டக்காரர் அப்பவே நின்னுட்டாரா. அதுக்கப்புறம் நீங்களேதான் பாத்துக்கறீங்களா. அதானே, சங்கத்துல ரோஜா வளக்கறதைப் பத்திப் பேசறதே நீங்கதானாமே. மைக்கெல்லாம் வெச்சு.

சரி, இப்ப முக்கியமான வேலை. மருந்து போடறதுக்கு முன்னாடி பூ எல்லாத்தையும் வெட்டணும்.

எல்லாத்தையும்தான் மேடம். இந்த டின் மேல என்ன போட்டிருக்கு, படிங்க. கண்ணாடி எடுத்துட்டு வரவா? நானே படிக்கறேன். பூக்கும் நிலையில் உள்ள செடிகளுக்கு இடக் கூடாது. பாத்தீங்களா. பூவோட போட்டா, பூவுக்கு வர்றதெல்லாம் சாகும். அசுவினி மட்டும்தான் சாகணும்னு மருந்துகிட்ட யாரு போய்ச் சொல்றது. மொட்டும் வெட்டணும். மொட்டு நாளைக்குப் பூ ஆகும்ல. கடுகு அளவு மொட்டா இருந்தாலும் சரி.

நான் வெட்ட மாட்டேன். பூ வெட்டறது வீட்டுக்காரங்க கையாலதான் நடக்கணும், எங்க நர்சரில அது வழக்கம். முன்னாடி ஒரு அண்ணன் ஒரு வீட்ல வெட்டிட்டு வந்துட்டாரு, அந்த வீட்டுக்காரம்மா மறுநாள் கடைக்கு வந்து என் பூவைத் திருப்பிக் குடுன்னு ஒரே ரகளை. எங்க இருந்து குடுக்கறது. அன்னில இருந்து கத்திரியை அவங்க கைல குடுத்துட்டு நாங்க பையைப் பிடிப்போம். இந்தாங்க கத்திரி.

திரும்பப் பூக்குமான்னா என்கிட்டயா கேக்கறீங்க. நீங்க சொல்லுங்க. வெட்டி விட்டா ரோஜா திரும்பப் பூக்குமா பூக்காதா? பூக்கும்ல. வெட்ட வெட்டத்தான் கொத்துக் கொத்தா வரும்னு மேடைல நீங்களே பேசினதா ஓனர் சொன்னாரு. அப்புறம் என்ன.

ம், அப்படித்தான். காம்போட. அஞ்சு இலை இருக்கற இடத்துக்கு மேல. அந்தக் கொழுந்தையும் சேத்து. பைல போடுங்க. இல்ல, ஜாடில வெக்க வேணாம், பூச்சி வீட்டுக்குள்ள வந்துரும். பைலயே போடுங்க.

எவ்ளோ பெரிய பூ. இதுக்கு என்ன பேரு? பேரெல்லாம் வெச்சிருப்பாங்களே. தெரியாதா. நடு மஞ்சளா விரிஞ்சு நிக்குது. இந்த மாதிரி விரிஞ்ச பூவுக்குத்தான் நிறைய வரும். வெட்டுங்க.

ஸ்கூலா? விட்டுட்டேன். பதினொண்ணு பாதில. முகத்தை அப்படிச் சோகமா வெச்சுக்காதீங்க, யாரும் சாகல. எனக்குப் படிப்பு ஏறல, உக்காந்த இடத்துல உக்காந்தே இருக்கறது ஆகாது. வாத்தியாரு போர்டுல எழுதிட்டிருப்பாரு, நான் ஜன்னல்ல பாத்துட்டிருப்பேன். எங்கம்மா திட்டினாங்க, அழுதாங்க, ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் காலைல வந்து, சரி எழுந்திரு, மேல வா, சும்மா வீட்ல உக்காந்து திங்க முடியாது, வேலை கத்துக்கன்னாங்க.

வீட்டு வேலை மாதிரிதான். மாடில. அம்மாவோட வேலை. அப்புறம் சொல்றேன். இந்தச் செடில பின்பக்கம் விட்டுட்டீங்க, சுத்தி வந்து பாருங்க.

ரொம்ப வேர்க்குது உங்களுக்கு. கையுறையோட நெத்தியைத் தொடைக்காதீங்க. இன்னும் மருந்து திறக்கலதான், ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. மருந்து போட்டு முடிச்சப்புறம் போட்டிருக்கற துணியைத் தனியாத் துவைக்கணும். அங்கிள் சட்டையோட சேத்து மெஷின்ல போட்டுராதீங்க. டின்னைப் பூட்டற அலமாரில வெக்கணும், சமையல் ரூம்ல வேணாம். காலி டின்னைக் கழுவி எதுக்கும் எடுத்து வெச்சுக்கக் கூடாது. அரிசி போட்டு வெக்கலாம்னு தோணும், மூடி நல்லா இறுக்கமா இருக்கு. கூடாது.

பயமா இருக்கா? இருக்கணும் மேடம். ஒழுங்காப் போட்டா ஒண்ணும் ஆகாது, அதுக்குத்தான் இவ்ளோவும் சொல்றது. அளவாப் போடணும், எங்க போடணுமோ அங்க போடணும், எப்ப போடக் கூடாதோ அப்ப போடக் கூடாது. இதுல ஒண்ணைத்தான நீங்க... சரி, வெட்டுங்க.

ஆமா, தேனீக்காகத்தான் பூவை வெட்டறதே. தேனீ, பட்டாம்பூச்சி, எல்லாத்துக்கும்தான். அதுங்க பாட்டுக்கு வரும், குடிக்கும், வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகும். குடிச்சது மட்டும் சாகறதோட முடியாது. வீட்ல இருக்கற குஞ்சுங்களுக்கும் அதைத்தான் ஊட்டும். அதுக்கு என்ன தெரியும். பூ நல்லாத்தான இருக்கு.

போன வருஷம் எதுவும் செத்துதா? கவனிக்கலையா. ம்.

யாரு வந்தது? ஒரு பொண்ணா? கேட்லயா. என்னன்னு வந்துச்சாம்?

நீங்க வெளிய போகலையா. கேட்ல இருக்கற அந்த ஸ்பீக்கர் வழியாவே பேசினீங்களா. சரிதான், பைத்தியமா இருந்தா எதுக்கு வம்பு. கத்துச்சா. என்ன கத்துச்சு, ஞாபகம் இருக்கா? இல்ல. நீங்க என்ன சொன்னீங்க?

பூச்சிதானன்னு சொன்னீங்களா.

இல்லல்ல, சிரிப்பு வரல எனக்கு. உங்களுக்கு வருது, சிரிங்க. கத்திரி நிக்குது மேடம். அந்த ஓரத்துச் செடி இன்னும் முழுசா இருக்கு.

அதான் ரொம்பப் பிடிச்ச செடியா? நடுவருங்க போன தடவ அதும் பக்கத்துல நின்னுதான் போட்டோ எடுத்தாங்களா. தெரியும், பேப்பர்ல வந்துச்சு. நீங்க ஒரு கையால கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால அந்தப் பூவைத் தொட்டுக்கிட்டு. எங்கம்மா அந்தப் பேப்பரை மடிச்சு ஆடற மேஜைக் காலுக்கு அடில வெச்சாங்க. இன்னும் அங்கதான் இருக்கு. மேஜை இப்ப ஆடறதில்ல.

ஒண்ணை மட்டும் விட்டுவைக்கறதா? முடியாது. ஒண்ணே ஒண்ணு இருந்தா அத்தனையும் அங்கதான் வரும். மொட்டையும் விடாதீங்க மேடம். இருங்க, கிளையை நான் பிடிச்சுக்கறேன். நீங்க வெட்டுங்க. ம். அவ்ளோதான்.

முடிஞ்சுதா? கீழ ஒண்ணு. இந்தா, இலைக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. ம்.

இப்ப முடிஞ்சுது.

பையை இறுக்கிக் கட்டுங்க. இன்னும் ஒரு முடிச்சு. வெயில்ல வெச்சிருங்க.

டின்னா? அதை என் பைல வெச்சுட்டேன். திறக்கல. இல்ல மேடம், மறக்கல. போட மாட்டேன்.

எதுக்குப் போடணும்? அசுவினி எங்க இருந்துச்சு? மொட்டுலயும் கொழுந்துலயும். மொட்டும் கொழுந்தும் இப்ப எங்க? பைல. அப்ப அசுவினி எங்க? அதுவும் பைலதான். செடியைப் பாருங்க, ஒண்ணு இருக்கா? சுத்தமா இருக்கு. அங்கயும் இங்கயும் ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்தா, குழாய்த் தண்ணியை வேகமா அடிங்க. அப்பவும் போகலன்னா லேசா சோப்புத் தண்ணி, இலைக்கு அடில படற மாதிரி. இதைத்தான் நான் வந்ததும் சொன்னேன். தண்ணி அடிச்சு, சோப்புத் தண்ணி தெளிச்சாலே போதும், இந்த வாரத்துலயே போயிரும், பூவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. நீங்க போன்ல இருந்தீங்க. இருன்னு ஒரு விரலைக் காட்டினீங்க. நானும் இருந்தேன். ஒரு தடவ சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். ரெண்டு தடவ சொல்லத் தோணல.

எது பொய்? நான் சொன்னதுல ஒண்ணைக் காட்டுங்க பாப்போம். கையுறைல இருந்து பூ வரைக்கும் எல்லாம் டின் மேல இருக்கு. வீட்டுக்காரங்க கையாலதான் வெட்டணும்னு சொன்னது கூட நிஜம், ஓனரைக் கேட்டுப் பாருங்க. மருந்து போடறதா இருந்தா இப்படித்தான் போடணும். நான் போடறேன்னு எப்ப சொன்னேன்? போடறதுக்கு முன்னாடி வெட்டணும்னுதான் சொன்னேன்.

எப்ப பூக்குமா. இதை முதல்லயே கேட்டிருக்கலாம்ல. நீங்க பூக்குமான்னு கேட்டீங்க, பூக்கும்னு நீங்களே சொன்னீங்க. பூக்கும். ஒன்றரை மாசம் ஆகும். நடுவருங்க வர்றப்ப இலை நல்லாப் பளபளன்னு இருக்கும். முள்ளும் இருக்கும்.

கத்துங்க. பரவால்ல. அங்கிள் எட்டிப் பாக்கறாரு பாருங்க. ஒண்ணும் இல்ல அங்கிள், ஆன்ட்டிக்குக் கொஞ்சம் வெயில்.

ஓனருக்கு போன் பண்ணுங்க, நம்பர் இருக்குல்ல. வேலையை விட்டுத் தூக்குவாரு. தூக்கட்டும். அவரு நல்லவரு, கொஞ்சம் திட்டுவாரு, எனக்கு அதுல வருத்தம்தான். ஆனா இந்த வீட்டு வேலை வர்ற வரைக்கும்னுதான் அங்க சேந்தேன். உங்களுக்கு எப்படியும் ஒரு நாள் பூச்சி வரும், எப்படியும் நர்சரிக்கு போன் பண்ணுவீங்கன்னு தெரியும். மண் மூட்டை தூக்கிக்கிட்டு, தொட்டி கழுவிக்கிட்டு, ஒவ்வொரு தடவ போன் அடிக்கறப்பவும் நான்தான் ஓடிப் போய் எடுப்பேன். ஓனர் கூட கேட்டாரு, யாருடி அது உன்னைக் கூப்பிடப் போறான்னு.

அந்தப் பொண்ணு பைத்தியம் இல்ல ஆன்ட்டி.

நான்தான். முகம் எப்படித் தெரியும், நீங்கதான் வெளியவே வரலையே. எனக்கு உங்க குரல் தெரியும். இன்னிக்கு நீங்க போன்ல பேசிட்டு நின்னப்பவே தெரிஞ்சுருச்சு, அதே குரல், அதே இழுப்பு.

பின் தெருல, அந்த மூணு மாடிக் கட்டடம் இருக்குல்ல, மொட்டை மாடில வெள்ளைப் பெட்டியா அடுக்கி வெச்சிருக்கும், உங்க பெட்ரூம் ஜன்னல்ல இருந்து பாத்தா தெரியும். தண்ணித் தொட்டின்னு நினைச்சிருப்பீங்க. தேனீப் பெட்டி. எங்கம்மாவோடது. மாடில வேலைன்னு சொன்னேனே, அதான். நான் ஸ்கூலை விட்டுட்டு வந்து ஒழுங்கா உக்காந்து கத்துக்கிட்ட ஒரே விஷயம். அதுங்க கொட்டிட்டா எப்படி அசையாம நிக்கறது, புகை எவ்ளோ போடறது, ராணியை எப்படித் தேடறது. பெட்டில காதை வெச்சா ஒரு சத்தம் வரும், ஆன்ட்டி, ம்ம்ம்னு. எங்கம்மா கோவமா இருந்தா மேல போய் அதும் மேல காதை வெச்சுட்டு வருவாங்க, வர்றப்ப கோவம் இருக்காது. முத வருஷத் தேன் எடுத்தப்ப அம்மா சொன்னாங்க, அந்த ரோஜாத் தோட்டத்து ஆன்ட்டிக்கு ஒரு பாட்டில் கொண்டு போய்க் குடுடி, பாதித் தேன் அவங்க பூவுல இருந்துதான் வந்திருக்கும்னு. அந்த வாரம் போலாம்னு எடுத்து வெச்சிருந்தோம்.

அந்த வாரம்தான் நீங்க போட்டது.

முதல்ல கொஞ்சம் தேனீதான் கீழ கிடந்துச்சு. மல்லாக்க விழுந்து, காலை உதறிக்கிட்டு, சுத்திச் சுத்தி. நான் ஒவ்வொண்ணாத் திருப்பி விட்டேன், மறுபடி விழுந்துச்சு. வெளிய போனது நிறைய திரும்பியே வரல. தேடிக்கிட்டு ரோட்டுக்கு வந்தேன். உங்க வேலி ஓரம், சூரியகாந்திக்கு அடில, நடைபாதைல வரிசையாக் கிடந்துச்சு. ஆளுங்க மிதிச்சுட்டுப் போறாங்க. ஒரு டப்பால அள்ளினேன். உங்க கேட்ல பட்டனை அமுக்கி, கேமராவுல என் முகம் கூடத் தெரியாத மாதிரி டப்பாவை நேரா நீட்டினேன். பூவை மட்டும் வெட்டி விடுங்க ஆன்ட்டி, பெட்டிக்குள்ள இருக்கறதாவது பிழைக்கும்னு சொன்னேன். அதான் அந்தப் பொண்ணு கத்தினது. இப்ப ஞாபகம் வருதா? பூச்சிதானம்மா, தேன் வேணும்னா கடைல கிடைக்குமேன்னீங்க. அப்புறம் டக்குன்னு சத்தம் நின்னுருச்சு. நான் ரொம்ப நேரம் அந்த ஸ்பீக்கரைப் பாத்துட்டே நின்னேன்.

மாசக் கடைசில எல்லாப் பெட்டியும் காலி. அம்மா துடைப்பத்தை எடுத்துட்டு மேல போனாங்க, பெருக்க முடியல, திரும்பி வந்துட்டாங்க. நான்தான் பெருக்கினேன். பெருக்கறப்பக் கனமே இல்ல. அம்மா அதுக்கப்புறம் மாடிக்கே போகல. துணி கூட ஜன்னல்லதான் காயப் போடுவாங்க.

வேணாம். மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம், அங்க போய் எங்கம்மாகிட்டயும் கேக்காதீங்க. அவங்களுக்கு நான் இங்க வந்தது தெரியாது. தெரிஞ்சா, பூவை ஏண்டி வெட்ட வெச்சேன்னு என்னைத்தான் அடிப்பாங்க.

நாளைக்கு வேற ஆளைக் கூப்பிட்டு மருந்து போடுவீங்களா? போட்டுக்கங்க. கையுறை மட்டும் மறந்துராதீங்க, அது உங்களுக்கு. ஆனா போட்டீங்கன்னா, மருந்து செடில இருக்கற வரைக்கும் வர்ற மொட்டையெல்லாம் கிள்ளிக்கிட்டே இருக்கணும். இந்த வருஷம் பூரா. நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டேதான் இருப்பேன். இப்பதான் எனக்கு வேலையும் இல்லையே.

கத்திரி எங்களோடது, குடுங்க. கையுறையை நீங்களே வெச்சுக்கங்க.

இன்னிக்கே எதுக்கு அவசரமா வந்தேன்னா... நேத்து ஓனர் உங்க வீட்டு வேலையைக் குடுத்தாரு, நான் வீட்டுக்குப் போனா மாடில வெளிச்சம். அம்மா ஒரு பெட்டி கொண்டு வந்து வெச்சிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு. யாருகிட்டயும் சொல்லல, என்கிட்டயும் சொல்லல. பெட்டி மேல காதை வெச்சுக்கிட்டு நின்னாங்க. இன்னிக்குக் காலைல வாசலைத் திறந்து விட்டோம். முதல்ல ஒண்ணுதான் வெளிய வந்துச்சு. ஒரு வட்டம் அடிச்சுது, அப்புறம் நேரா இந்தப் பக்கமாப் பறந்துச்சு.

அதான்.

கேட் பட்டனை அமுக்குங்க ஆன்ட்டி, போறேன்.